வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்

ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு வட்டாரத்தில், வீட்டிலேயே ஒரு சின்ன சி.என்.சி. மில்லிங் மெஷின் போட்டுவிட வேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால், இந்த மடலைப் படித்து முடிக்கும்வரை கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டவர்களும் பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள். உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மில்லராக இருந்தவன். முதலில் கை மெஷின், பிறகு வி.எம்.சி. இப்போது திருநின்றவூரில் வீட்டோடு இருக்கிறேன். உங்களில் சிலர் என்னைத் தேடி வந்து, "அண்ணே, எந்த மெஷின் வாங்கலாம்?" என்று கேட்கிறீர்கள். சிலர் வாங்கிவிட்டு வருகிறீர்கள். வாங்கிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திய மெஷின், டப்பாவில் நுனி போன கட்டர்கள், அடகுக் கடையில் அம்மாவின் வளையல். உங்களுடைய சோம்பலால் வந்த வினை இல்லை இது. உங்களுக்கு டிராயிங் போடத் தெரிகிறது, டூல் பாத் எடுக்கத் தெரிகிறது. உங்கள் வயதில் எங்களுக்கு இதில் பாதிகூடத் தெரியாது. ஆனால் மெஷினை விற்றவர்கள் உங்களிடம் சொன்ன எண்கள், நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் இல்லை. எனக்கு அதில்தான் கோபம்.

விளம்பரத்தைப் பாருங்கள். பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்: துல்லியம் 0.002 மில்லிமீட்டர். அது எங்கிருந்து வந்தது? ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுக்கும். டிரைவர் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 ஆகப் பிரிக்கும், ஆக 3,200. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்துகிறது என்றால் 5-ஐ 3,200-ஆல் வகுத்தால் 0.0016. அதைத்தான் துல்லியம் என்று அச்சடித்துவிட்டார்கள். இது வெறும் வகுத்தல் கணக்கு. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) துண்டில் கட்டர் இறங்கிய நிமிஷத்தில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி இந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்க்ரூவில் ப்ளே (தளர்வு) எவ்வளவு, மெஷினின் காலம் (தூண்) எவ்வளவு வளைகிறது, கோலெட்டில் பிடித்த கட்டர் எவ்வளவு ஆடுகிறது என்ற மூன்றும்தான் உங்கள் ஜாப்பின் அளவைத் தீர்மானிக்கும். இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்த விற்பனையாளரை நான் இதுவரை பார்க்கவில்லை.

அவர்கள் எழுதித் தராவிட்டால் போகட்டும், நீங்களே அளந்துவிடலாம். ஒரு டயல் கேஜ், ஒரு மேக்னடிக் பேஸ், ஒரு முழம் நைலான் கயிறு, பழைய பேப்பர்க்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். மெஷினை ஆன் செய்யுங்கள். மோட்டார்கள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்பிண்டில் மட்டும் ஓடக் கூடாது. மேக்னடிக் பேஸை பெட்டில் வையுங்கள். பெட் அலுமினியம் என்றால் மேக்னட் ஒட்டாது. அதையும் மனசில் குறித்துக்கொண்டு, ஒரு இரும்புப் பிளேட்டை பெட்டில் போல்ட் போட்டு முறுக்கி அதன்மேல் வையுங்கள். டயலின் முனையை ஸ்பிண்டில் மூக்கில் தொடவைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். ஸ்பிண்டிலில் கயிற்றைக் கட்டி, தராசு பத்து கிலோ காட்டும்வரை பக்கவாட்டில் இழுங்கள். முள் ஒரு கோடு, இரண்டு கோடு நகர்ந்து நின்றால், அதாவது 0.01, 0.02 மில்லிமீட்டர், அந்த மெஷின் இரும்பில் வேலை செய்யும். ஐந்து கோடு போனால் அலுமினியமும் பித்தளையும் பொறுமையாகச் செய்யலாம். பத்தைத் தாண்டினால் அது மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் பெயர்ப் பலகைக்கும் ஆன மெஷின். அடுத்து கயிற்றை விடுங்கள். முள் பூஜ்யத்துக்குத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வராமல் நடுவழியில் நின்றால் எங்கேயோ ப்ளே இருக்கிறது. குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த எல்லைகள் என் கைப்பழக்கத்தில் வந்த கணக்கு. ஆனால் இதுவரை இது என்னைக் கைவிட்டதில்லை.

இப்படி இழுத்து அளப்பது மெஷினின் விறைப்பை. விறைப்புதான் எல்லாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டர் கோலெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். விட்டத்தைப் பாதியாக்கினால் பதினாறு மடங்கு. இது மாறாத விதி, விலை கொடுத்து மாற்ற முடியாது. மெஷின் சட்டத்துக்கும் இதே கதைதான். Z அச்சில் 150 மில்லிமீட்டர் உயரம் தருகிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நீங்கள் செய்யப்போவது 20 மில்லிமீட்டர் பிளேட் வேலை என்றால் அந்த உயரம் உங்களுக்கு நஷ்டம். எஃகின் மீள்தன்மை எண் சுமார் 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. ஒரே அளவுச் சட்டம் அலுமினியத்தில் இருந்தால் மூன்று மடங்கு வளையும் என்று பொருள். வார்ப்பிரும்பு எஃகைவிட இளகியதுதான், ஆனால் அதிர்வைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும். எஸ்டேட்டில் "சின்னது" என்று நாங்கள் சொல்லும் வி.எம்.சி.யே இரண்டு மூன்று டன் இருப்பது அதனால்தான். முப்பது கிலோ அலுமினியச் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களை ஏமாற்றுவது எங்கே சுலபமாகிவிட்டது தெரியுமா? கண்ட்ரோலில். 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதல் எண்முறை மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டியபோது, அதன் கண்ட்ரோல் மெஷினைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஜான் பார்சன்ஸ் என்பவர் அந்த யோசனையை அங்கே எடுத்துக்கொண்டு போனது விமான இறக்கை வேலைக்காக. செலவு அமெரிக்க விமானப்படையினுடையது. இன்று ஆர்டுயினோ போர்டில் ஏற்றும் ஜிஆர்பிஎல் சாஃப்ட்வேர் இலவசம், 2009-இலிருந்து கிடைக்கிறது. லினக்ஸ்சிஎன்சியும் இலவசம். ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வந்தால் போர்டு, டிரைவர், பவர் சப்ளை எல்லாம் ஒரே பையில் வீட்டுக்கு வந்துவிடும். கண்ட்ரோல் மலிந்துவிட்டது, இரும்பு மலியவில்லை. வார்ப்பை ஊற்றி, ஆறவைத்து, உள்ளழுத்தம் போக்கி, ஸ்லைடைக் கையால் ஸ்க்ரேப் செய்து நேராக்குவதற்கு அன்றைக்கு ஆன உழைப்பு இன்றைக்கும் ஆகிறது. விலை குறைந்த மெஷினில் குறைக்கப்பட்டது எது என்று யோசித்துப் பாருங்கள். திரையில் ஓடும் சாஃப்ட்வேர் பளபளவென்றுதான் இருக்கும். குறைத்த இடம் கண்ணுக்குத் தெரியாத எடையில் இருக்கும்.

ஸ்பிண்டில் விஷயத்தில் இன்னொரு எண் உங்களை மயக்குகிறது: 2.2 கிலோவாட், 24,000 ஆர்.பி.எம். உண்மைதான், 24,000-இல் ஓடும்போது 2.2 கிலோவாட். அப்போது அதன் முறுக்குவிசை ஒரு நியூட்டன் மீட்டருக்கும் கொஞ்சம் கீழே. வேகத்தைக் குறைத்தால் முறுக்குவிசை கூடாது, அப்படியேதான் இருக்கும். ஆகவே 3,000-க்கு இறக்கினால் கையில் கிடைப்பது 275 வாட் சுமார். வாங்கினதில் எட்டில் ஒரு பங்கு. இரும்புக்கு எந்த வேகம் வேண்டும்? 6 மில்லிமீட்டர் ஹெச்.எஸ்.எஸ். எண்ட் மில் எம்.எஸ்.-இல் நிமிஷத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓட வேண்டும் என்றால் 1,300 ஆர்.பி.எம். போதும். கார்பைடு போட்டு 80 மீட்டர் என்று வைத்தாலும் 4,200-தான். அதே கட்டரை 24,000-இல் இரும்பில் இறக்கினால் வெட்டு வேகம் 450 மீட்டரைத் தொடும். பல் சிவந்து ஒரு பாஸ்கூட முடியாது. அலுமினியத்தில் அந்த வேகம் நன்றாக எடுபடும்: ஒற்றைப் பல் கார்பைடு கட்டர், கொஞ்சம் கட்டிங் ஆயில், சுருளை ஊதித் தள்ள ஏர். ஆகவே அலுமினியம் மட்டும்தான் என்றால் வேகமான ஸ்பிண்டில் வாங்குங்கள். இரும்பு என்றால் மோட்டாரிலிருந்து பெல்ட் போட்டு வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் ஸ்பிண்டிலைத் தேடுங்கள். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்கிறவர் இரண்டிலும் உங்களைத் திண்டாட விடுவார்.

பயந்துபோய் மெதுவாக ஓட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு பல் ஒரு சுற்றில் கடிக்கும் அளவு மிகவும் குறைந்தால் கட்டர் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் முனை மழுங்கல், மழுங்கினால் இன்னும் தேய்ப்பு. நுனி போன கட்டர்கள் உங்கள் டப்பாவில் சேர்ந்த கதை பெரும்பாலும் இதுதான்.

சரி, எதை வாங்குவது? 300க்கு 180 பெட் உள்ள 3018 வகை சர்க்யூட் போர்டுக்கும் பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டவும் பழகவும் நல்லது. இரும்பைப் பற்றி அதனிடம் பேசாதீர்கள். 6040 வகை ரூட்டர்களில், எல்.எம். கைடும் 16 மில்லிமீட்டர் பால் ஸ்க்ரூவும் போட்ட கனமான சட்டம் கிடைத்தால் அலுமினியப் பிளேட் வேலை நன்றாகவே வரும். ட்ரெபீசியம் ஸ்க்ரூவும் பித்தளை நட்டும் போட்டதை விட்டுவிடுங்கள். தேயத் தேய ப்ளே கூடிக்கொண்டே போகும். இரும்புதான் வேண்டும் என்றால் வார்ப்பிரும்புக் காலம் உள்ள பெஞ்ச் மில்லை வாங்கி, பால் ஸ்க்ரூவும் மோட்டாரும் போட்டு மாற்றிக்கொள்வதுதான் நேர்வழி. அந்த மில்களில் எக்ஸ்2 வகை ஐம்பது அறுபது கிலோ இருக்கும். எக்ஸ்3 வகை 150 கிலோவுக்கு மேல். இரண்டுக்கும் இடையில் தயங்குகிறீர்கள் என்றால், கனத்ததையே வாங்குங்கள். எஸ்டேட்டில் ஏலத்துக்கு வரும் பழைய எச்.எம்.டி. மில்லிங் மெஷின் மேல் சிலருக்கு ஆசை. அருமையான இரும்பு, எனக்கும் அதன்மேல் பாசம் உண்டு. ஆனால் டன் கணக்கில் எடை. கிரேன் வராத தெருவில், வீட்டுத் தரையில், அது உங்களுக்குச் சுமையாகிவிடும்.

மெஷின் விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். கிரைண்ட் செய்த வைஸ், ஈ.ஆர். கோலெட் செட், நல்ல கார்பைடு கட்டர்கள், வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல். கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் சுங்கவரியும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும் என்பதையும் மறக்காதீர்கள்.

நம் ஊருக்கென்று சில சங்கடங்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஏரிப்பக்கம், பெரியார் நகர்ப் பக்கம் தண்ணீர் எங்கே நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெஷினை ஸ்டாண்டில் ஏற்றுங்கள், கண்ட்ரோல் பெட்டியைச் சுவரில் உயரத்தில் மாட்டுங்கள். மழை மாதங்களில் ஸ்லைடில் எண்ணெய் தடவாமல் ஒருநாளும் படுக்கப் போகாதீர்கள். காலையில் துரு பூத்திருக்கும். ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. போட்டால் வீட்டு ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுவதுபோலத் தோன்றும். காரணம் வி.எஃப்.டி.யின் கசிவு மின்னோட்டம். அதற்காக ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிப் போடுகிற காரியத்தை யாரும் செய்யாதீர்கள், உயிர் விஷயம். நல்ல எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரி செய்து, மெஷினுக்குத் தனி லைன் எடுங்கள். அலுமினியச் சுருள் மின்சாரம் கடத்தும். டிரைவர் பெட்டிக்குள் ஒரு துண்டு விழுந்தால் போர்டு போய்விடும். இரும்புச் சுருள் ஊசிபோலக் காலில் ஏறும்; குழந்தைகள் நடமாடும் வீட்டில் மெஷினைச் சுற்றி அடைப்பு கட்டாமல் ஓட்டவே கூடாது. கூலிக்கு ஜாப் எடுக்கத் தொடங்கிவிட்டால் வீட்டு மின் இணைப்பில் ஓட்டாதீர்கள்; குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் தனிக் கட்டண வகை இருக்கிறது, அதற்கு விண்ணப்பம் போடுங்கள். உத்யம் பதிவு இலவசம். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அடகுக் கடைக்குப் போவதற்கு முன் காக்களூரில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் நுழைந்து, மானியத்தோடு வரும் கடன் திட்டங்களைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

இவ்வளவும் சொன்னபின் உங்களை ஒன்று கேட்கிறேன். என்ன ஜாப் செய்யப் போகிறீர்கள்? இதற்கு வாயில் பதில் இல்லை என்றால் மெஷின் வேண்டாம். நாலு பீஸ்தான் தேவை என்றால் டிராயிங்கை எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்கு ரயில் ஏறுங்கள், வி.எம்.சி. நேரத்துக்குக் கூலி கொடுத்துச் செய்துகொள்வது எவ்வளவோ லாபம். பதில் இருக்கிறது என்றால், அந்த ஒரு ஜாப்பை முதலில் மனசில் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். எங்கே பிடிப்பது, எந்தப் பக்கத்தை முதலில் எடுப்பது, திருப்பிப் போட்டால் எதை வைத்து நேர் பார்ப்பது, எந்தக் கட்டர் எந்த மூலைக்குள் போகும், போகாது. பூசலார் நாயனார் எங்கள் திருநின்றவூர்க்காரர். கையில் காசில்லாமல், நாள் குறித்து, அஸ்திவாரம் தோண்டி, கல் கல்லாக மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் எழுப்பியவர். அவர் நினைவாக நிற்கும் இருதயாலீசுவரர் கோயிலைத் தாண்டித்தான் உங்களில் திருநின்றவூர்க்காரர்கள் சிலர் ஸ்டேஷனுக்குப் போகிறீர்கள். மனசுக்குள் ஒரு ஜாப்பைக் கடைசிப் பாஸ்வரை செய்து பார்க்கிறவனுக்கு, எவ்வளவு பெரிய பெட் வேண்டும், எவ்வளவு விறைப்பு வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் தேவை அவனுக்கு வராது.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன்.

உங்கள் ஜாப்பில் மிகவும் கஷ்டமான ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்; ஒரு பாக்கெட்டாக இருக்கலாம், ஒரு போராக இருக்கலாம். அதை 50க்கு 50 எம்.எஸ். துண்டில் டிராயிங்காகப் போடுங்கள். துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு விற்பவரிடம் போய், "இதை இந்த மெஷினில், என் கண்முன்னால் வெட்டிக் காட்டுங்கள், அளந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் தருகிறேன்" என்று சொல்லுங்கள். வீடியோ அனுப்புகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அலுமினியத்தில் காட்டட்டுமா என்பார். உங்கள் வேலை இரும்பு என்றால் அதற்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நேரில் வெட்ட மாட்டேன் என்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தனியாகப் போனால் உங்களைப் பேசியே மடக்கிவிடுவார்கள், ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். அம்பத்தூர் எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நந்தம்பாக்கத்தில் நடத்தும் அக்மி கண்காட்சிக்கும் அப்படியே கூட்டமாகப் போங்கள். ஓடுகிற மெஷின்களின் பக்கத்தில் நின்று சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

போகும்போது ஒரு பழைய கையைக் கூட்டிக்கொண்டு போங்கள். இது எனக்கு மிகவும் முக்கியம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் வந்தது. விஜயந்தா டாங்கியை அங்கேதான் தயாரித்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட் 1964-இல் வந்தது. அறுபது ஆண்டுகளாக இந்த ரயில் பாதை முழுக்க டர்னரும் ஃபிட்டரும் மில்லரும் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். சாயங்காலம் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அல்லது பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்துகொண்டிருப்பார். கட்டர் சத்தத்தை வைத்தே அது வெட்டுகிறதா தேய்க்கிறதா என்று அவர் சொல்லிவிடுவார். வெட்டின பரப்பில் நகத்தை ஓட்டி அதிர்வுக் கோட்டைக் கண்டுபிடிப்பார். அவருக்கு ஜி-கோடு தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத்தான் தெரியுமே. அவர்களில் பலரை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் வருவார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன தராசுச் சோதனையைச் செய்து, மெஷின் பெயரையும் டயல் காட்டிய அளவையும் ஒரு தாளில் எழுதி மெஷின்மேலேயே ஒட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வைத்து, வாங்க நினைக்கிறவர்களை வரச்சொல்லிக் காட்டுங்கள். இதில் உங்களுக்கு வெட்கம் வேண்டியதில்லை. உங்கள் எண்ணைப் பார்த்து இன்னொரு வீட்டு வளையல் அடகுக் கடைக்குப் போகாமல் தப்பும். அந்த மெஷினையும் நாம் கைவிட வேண்டியதில்லை. கட்டரின் நீட்டத்தைக் குறைத்து, சட்டத்துக்குள் எபாக்ஸியும் கருங்கல் பொடியும் கலந்து நிரப்பி, கிப் இருந்தால் இறுக்கி, அலுமினிய வேலைக்கு அதைத் தேற்றிவிட முடிகிறதா என்று உட்கார்ந்து பார்க்கலாம்.

வாங்கப் போகிறவர்களில் யாருக்காவது கூட வருவதற்குப் பழைய கை ஒன்றும் அமையவில்லை என்றால், நான் வருகிறேன். டயல் கேஜும் மேக்னடிக் பேஸும் என்னிடம் இருக்கின்றன. எம்.எஸ். துண்டை மட்டும் நீங்கள் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களில் மூத்தவனான ஒரு மில்லர்,
திருநின்றவூர்.